மறைந்து நின்ற ‘உம்’

மரக்காணத்துப் பக்கத்திலிருந்து திண்டிவனத்துக்கு உப்பு கொண்டுவந்து விற்ற ஒரு பெண்ணுக்கு, அவர் உழைத்த உப்புப் பாத்தி அவர் பெயருக்கு வராமல் போயிற்று. அதற்கு நான் எழுதிய ஒரு வரி காரணம். அந்த வரியில் இலக்கணப் பிழை எதுவும் இல்லை என்று நான் சில மாதங்கள் நம்பியிருந்தேன். நடந்ததைச் சுற்றி வளைத்துச் சொல்வதற்கு எனக்கு உரிமை இல்லை என்பதால் இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன்.

அறுபதுகளின் தொடக்கம் அது. எனக்கு இருபது வயது. பள்ளி இறுதித் தேர்வை முடித்துவிட்டு வித்துவான் தேர்வுக்கு வீட்டிலிருந்தே படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீடு திண்டிவனத்தில். விழுப்புரத்தில் என் தாய்மாமா ஓர் அச்சுக்கூடம் வைத்திருந்தார். சனிக்கிழமை காலை வண்டியில் விழுப்புரம் போவேன். மாமா வீட்டில் தங்கி, என்னைப் போல் தனியாகப் படிப்பவர்களுக்காக ஞாயிற்றுக்கிழமை நடந்த வகுப்பில் இருந்துவிட்டு, மாலை வண்டியில் திரும்புவேன். மயிலம், பேரணி, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம் என்று வண்டி நின்று நின்று போகும். ஒரு நிலையத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் இரண்டு நூற்பா மனப்பாடம் செய்வது என் பழக்கம். எதிரில் உட்கார்ந்திருப்பவர்கள் பேச்சுக் கொடுத்தால் புத்தகத்தைச் சற்று உயர்த்திப் பிடித்துக்கொள்வேன். பேச்சில் எனக்கு அப்போதும் விருப்பமில்லை. எழுத்தில் மட்டும் இருந்தது.

மாமாவின் அச்சுக்கூடம் கல்யாணப் பத்திரிகையும் சினிமாக் கொட்டகை நோட்டீசும் அடித்துப் பிழைத்தது. அதற்கிடையில் அவருக்கு ஓர் ஆர்வம். மத்திய அரசு போடுகிற புதிய விதிகளும் விதித் திருத்தங்களும் ஆங்கிலத்தில் கெசட்டில் வந்துவிடும். ஊருக்கு வருவது அவற்றின் வதந்தி மட்டுமே. ரேடியோ லைசென்சு பற்றி ஒரு விதி மாறியபோது, ரேடியோவையே பிடுங்கிக்கொண்டு போகப்போகிறார்கள் என்று கேள்விப்பட்ட பக்கத்துத் தெரு சோடாக் கடைக்காரர், தம் ரேடியோவை நெல் குதிருக்குள் இறக்கிவிட்டார். மாறியது லைசென்சைப் புதுப்பிக்கும் மாதம் மட்டும்தான். அது தெரிவதற்குள் நெல்லின் சுணை ரேடியோவின் வயிற்றுக்குள் போய், பாட்டு வரவேண்டிய இடத்தில் இருமல் வந்தது. இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்த மாமா, ஒருநாள் சிரிப்பை நிறுத்திவிட்டு, மாதம் ஒரு தாள் அச்சிடப்போவதாகச் சொன்னார். ஒரு பக்கம் மட்டும். சுவரில் ஒட்டுவதற்கு. ‘விதி விளக்கம்’ என்பது பெயர். பேருந்து ஓட்டுநர்கள் கட்டுக் கட்டாக வாங்கிப்போய்க் கண்டாச்சிபுரம், வானூர், மரக்காணம் என்று டீக்கடைகளிலும் பஞ்சாயத்து அலுவலகங்களிலும் கொடுப்பார்கள்.

ஆங்கிலத்தை எளிய தமிழாக்கும் வேலை எனக்கு. என் பெயர் அதில் வரக்கூடாது என்று கேட்டுக்கொண்டேன், மாமா ஒப்புக்கொண்டார். வீட்டுக்கும் அச்சுக்கூடத்துக்கும் வெளியே எவருக்கும் எழுதுவது நான் என்று தெரியாது.

எளிய தமிழ் என்பதற்கு நான் அப்போது வைத்திருந்த பொருளையும் சொல்லவேண்டும். சுருக்கமான தமிழ், சுத்தமான தமிழ். ஒரு சொல் கூடுதலாக இருந்தால் எனக்குக் கூசும். முக்கியமாக ‘மற்றும்’ என்ற சொல். ஆங்கிலத்தின் நிழலில் முளைத்த சொல் அது, இரண்டு பெயர்களை இணைக்கத் தமிழில் ‘உம்’ இருக்கும்போது ‘மற்றும்’ எதற்கு என்று வகுப்பில் ஒருமுறை எழுந்து நின்றே சொல்லியிருக்கிறேன். நான் எழுந்து நின்று பேசியது அந்த ஒருமுறைதான். ஆசிரியர் பாராட்டினார். ‘விதி விளக்க’த்தின் ஓராண்டுத் தாள்களில் எங்கும் அந்தச் சொல்லைப் பார்க்கமுடியாது.

உப்புக்கார அம்மா புதன்கிழமைதோறும் வருவார். முதல் பேருந்தில் கூடையை ஏற்றிக்கொண்டு வந்து, எங்கள் தெருவுக்கு வரும்போது வெயில் ஏறியிருக்கும். நாற்பது வயது இருக்கும். பாதங்கள் இரண்டும் உப்புநீரில் நின்று நின்று வெடித்து வெளுத்திருக்கும். என் அம்மாவுக்குப் படியால் அளந்து போட்டு, அளந்து முடித்தபின் தவறாமல் ஒரு கை உப்பு கூடப் போடுவார். அம்மா போதும் என்பார். “எம் பாத்தி உப்பு, நான் போடுறேன். உனக்கு இன்னாம்மா?” என்பது அவர் பதில். ஒவ்வொரு வாரமும் அதே பேச்சு, இருவருக்கும் அதில் ஒரு சந்தோஷம்.

உண்மையில் அது அவர் பாத்தி என்பதற்குக் காகிதம் எதுவும் இல்லை. அந்த உப்பு நிலம் மத்திய அரசுக்குச் சொந்தமானது. அவர் மாமனார் காலத்திலிருந்து அந்தக் குடும்பம் ஒரு சிறு பாத்தியில் உப்பு விளைவித்து வந்தது. கணவர் இறந்தபின் இவரும் மகளும் வரப்புக் கட்டி, நீர் விட்டு, பலகையால் உப்பு வாரினார்கள். யாராவது வந்து போ என்றால் போகவேண்டியதுதான். மகளுக்குத் திருமணம் பேச வருகிறவர்கள் பாத்தி யார் பேரில் இருக்கிறது என்று கேட்பதாக அம்மாவிடம் ஒருமுறை சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த ஆண்டு ஐப்பசியில் புதிய விதி வந்தது. அரசின் உப்பு நிலத்தில் சிறு பாத்தி வைத்து உழைத்துவருகிறவர்கள், அதைத் தம் பெயரில் பதிந்துகொள்ளலாம். விண்ணப்பத்துடன், இன்னார் இத்தனை ஆண்டாக இந்தப் பாத்தியில் உழைக்கிறார் என்று கிராமக் கணக்குப் பார்க்கும் கர்ணமோ, கிராமத் தலைமை அலுவலரான முன்சீப்போ கையொப்பமிட்ட சான்று வேண்டும். கெடு தேதிக்குள் வராத விண்ணப்பம் ஏற்கப்படாது. நான் இதைத் தெளிவாகவே எழுதினேன். கட்டம் கட்டிய வரியில், பெரிய எழுத்தில், ‘கர்ணம் அல்லது முன்சீப் கையொப்பம்’ என்று வந்தது.

அந்தப் புதன்கிழமை அவர் தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு வந்தார். என்னைப் படிக்கச் சொன்னார். படித்தேன். இரண்டு பேரில் ஒருவர் போட்டால் போதும் என்றேன். அவர் முகம் தெளிந்தது. கர்ணம் அவர் ஊரிலேயே இருந்தார். முன்சீப் இருந்தது கழுவேலி ஏரிக்கு அக்கரையில். மழைக்காலத்தில் ஏரி நிறைந்துவிட்டால் சுற்றிக்கொண்டு போய்வர ஒரு நாள் முழுதும் ஆகும். அடுத்த வாரமே கர்ணத்தின் கையொப்பம் வாங்கிவிட்டார். அதை அம்மாவிடம் காட்டினார். கையெழுத்தைத் தொடாமல் காகிதத்தின் ஓரத்தை மட்டும் இரண்டு விரலால் பிடித்திருந்தார். பாத்தி பதிவாகிவிட்டால் தையில் மகளுக்குப் பேச்சை முடித்துவிடலாம் என்றார். விண்ணப்பத்தை மட்டும் உடனே கொடுக்கவில்லை; ஊரில் எல்லாரும் சேர்ந்து கொண்டுபோய்க் கொடுப்பதாக ஏற்பாடு.

மார்கழியில் திருத்தம் வந்தது.

கெசட்டில் அது ஒன்றரை வரிதான். இன்ன பத்தியில் ‘அல்லது’ என்பதற்குப் பதிலாக ‘மற்றும்’ எனக் கொள்க என்ற கருத்தில் இருந்தது. அவ்வளவு சிறிய சொல் மாற்றத்தால் ஒருவர் போய் இருவர் ஆகிவிடுகிற அந்தச் சிக்கனத்தை நான் ரசித்தேன். ரசித்தேன் என்று எழுதும்போது இப்போது கை தயங்குகிறது, ஆனால் உண்மை அதுதான். கழுவேலியின் நீர் எனக்கு நினைவுக்கு வரவில்லை.

அந்தச் சனிக்கிழமை அச்சுக்கூடத்தில் ‘கர்ணத்தின் கையொப்பமும் முன்சீப்பின் கையொப்பமும்’ என்று எழுதிக்கொடுத்தேன். அச்சுக் கோப்பவர் ஐம்பதைத் தாண்டியவர். ஈய எழுத்துகளைத் தலைகீழாகவே படித்துப் பழகியதால், நேராக இருக்கும் எழுத்தைப் படிக்கத்தான் தமக்குக் கண்ணாடி வேண்டும் என்று வேடிக்கையாகச் சொல்வார். வரியைக் கோத்துப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

“கட்டத்துக்குள்ள அடங்கலம்மா. பாதி வரி வெளிய நிக்குது.”

எழுத்தைச் சிறியதாக்க முடியாதா என்று கேட்டேன். கட்டத்து வரி போன தாளில் இருந்த அளவிலேயே இருக்கவேண்டும் என்பது மாமாவின் கட்டளை என்றார். பிறகு தலையைச் சொறிந்துகொண்டு, “நடுவுல மற்றும்னு போட்டா சரியா பூந்துக்கும்” என்றார்.

மற்றும் வேண்டாம் என்றேன்.

“அப்ப ரெண்டு வரியா வுடலாம். அடியில இருக்கிற பூவை எடுத்துட்டா எடம் கெடைக்கும்.”

அந்தப் பூ, மாமா அந்த மாதம்தான் சென்னையிலிருந்து வாங்கிவந்த புதிய அச்சு. தாளின் அடியில் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை, கொடியும் மொட்டுமாக. முதல்முறையாக அந்தத் தாளில்தான் வைத்திருந்தோம். அது இருந்ததால் தாள் ஒரு நூலின் முகப்பைப் போல் இருந்தது.

“பூ இருக்கட்டும்” என்றேன்.

மேசையருகில் நின்று யோசித்தேன். அதிக நேரம் ஆகவில்லை. ‘உம்’ வெளிப்படையாக வரவேண்டும் என்பதில்லை. தொகையாக்கினால் மறைந்து நின்று அதே பொருளைத் தரும். இராப்பகல் என்றால் இரவும் பகலும். எழுதியதை அடித்துவிட்டு, ‘கர்ணம் முன்சீப் கையொப்பம்’ என்று எழுதிக்கொடுத்தேன். இரண்டு ‘உம்’மும் போய், ஒரு கையொப்பமும் போய், வரி கட்டத்துக்குள் அழகாக உட்கார்ந்தது. இரண்டு பக்கமும் சமமாக வெள்ளை இடம் விட்டிருந்தது. தாளின் தலைப்பில் ‘திருத்தம்’ என்று இருந்தது. எது எதுவாகத் திருந்தியது என்று ஒரு வரி கீழே எழுதியிருக்கலாம். முன்பு ஒருவர் போதும் என்றிருந்தது, இப்போது இருவரும் வேண்டும் என்று. அதை எழுதத் தோன்றவில்லை. படிக்கத் தெரிந்தவனுக்கு உம்மைத்தொகை தெரியாதா என்று நினைத்தேனோ என்னவோ. மறுநாள் மாலை வண்டியில், பேரணிக்கும் விக்கிரவாண்டிக்கும் நடுவில், தொகைநிலைத் தொடருக்கான நூற்பாக்களைத்தான் மறுபடி ஒப்பித்துக்கொண்டு வந்தேன்.

அடுத்த புதன்கிழமை உப்புக்கார அம்மா வந்தபோது நான் கூடத்தில் சுவரோடு சாய்ந்து படித்துக்கொண்டிருந்தேன். தேர்வுக்கு மூன்று மாதம் இருந்தது. வாசலில் அம்மா உப்பு அளந்து வாங்கும் சத்தம் கேட்டது. பிறகு அவர் கழுத்தை நீட்டி உள்ளே பார்த்துக் கேட்டார்.

“பாப்பா, மறுபடியும் ஒரு தாளு வந்திருக்குதே. டீக்கடைக்காரரு படிச்சிட்டு, கர்ணம் முன்சீப்பு யாராவது போடணுமாம், முன்ன சொன்னதுதான்னாரு. அப்படித்தான?”

நான் புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஒரு நூற்பாவின் நடுவில் இருந்தேன். விட்டால் தொடக்கத்திலிருந்து சொல்லவேண்டும். அதோடு, அந்தத் தாளைப் பற்றி நான் அதிகம் பேசினால் எழுதியது நான் என்று தெரிந்துவிடுமோ என்ற கூச்சமும் இருந்தது.

“தாளில் இருக்கிறபடிதான்” என்றேன்.

நான் சொன்னது பொய் இல்லை. அதைவிட மோசம். முன்னதுதான் என்றால் எதற்குத் திருத்தம் என்று போட்டிருக்கிறது என்று நான் திருப்பிக் கேட்டிருக்கலாம். யாராவது என்ற சொல் தாளில் எங்கே இருக்கிறது என்று கேட்டிருக்கலாம். அந்தச் சொல் காதில் விழுந்தது. விழுந்தது மனத்துக்குள் போகவில்லை. அவர் “சரி பாப்பா, நீ படி” என்று சொல்லிவிட்டு, வழக்கம்போல் ஒரு கை உப்பு கூடப் போட்டுவிட்டுப் போனார். கெடுவுக்கு இன்னும் பதினைந்து நாளுக்கு மேல் இருந்தது. ஒரு நாள் சுற்றி நடந்து முன்சீப்பைப் பார்த்துவர அது தாராளமாகப் போதும்.

டீக்கடைக்காரரையும் குறை சொல்வதற்கில்லை. கர்ணம் முன்சீப் கையெழுத்து வாங்கிவா என்று ஊரில் ஒருவர் சொன்னால், கிராம அலுவலர் எவரிடமாவது வாங்கிவா என்றுதான் பொருள். அண்ணன் தம்பி இருந்தால் அனுப்பு என்றால் இருவரையும் சேர்த்தா அனுப்புவார்கள்? தொகை என்பது வகுப்பில் ஒன்றாகவும் வாசலில் வேறாகவும் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் ஆறேழு அடி தூரத்தில் நான் உட்கார்ந்திருந்தேன்.

பொங்கல் கழிந்து ஒரு புதன்கிழமை அவர் கூடையில்லாமல் வந்தார். கையில் ஆங்கிலக் கடிதம் ஒன்று. உப்பு நிலங்களைக் கவனித்த அலுவலகத்திலிருந்து வந்திருந்தது. இரண்டாவது கையொப்பம் இல்லாமையால் விண்ணப்பம் திருப்பப்படுகிறது என்று இருந்தது. நான் ஒருமுறை எனக்குள் படித்தேன். பிறகு தமிழில் சொன்னேன். சொல்லும்போது என் குரல் வகுப்பில் பாடம் ஒப்பிக்கிற குரலாகவே இருந்தது. வேறு குரல் எனக்கு வரவில்லை.

அவர் என்னைத் தம்மோடு அந்த அலுவலகத்துக்கு வரமுடியுமா என்று கேட்டார். இங்கிலீசு தெரிந்த பெண் சொன்னால் கேட்பார்கள் என்று நம்பினார். அம்மா அனுமதித்தார். பேருந்தில் நாங்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து போனோம். ஜன்னலுக்கு வெளியே பாத்திகள் தொடங்கியதும், அவர் தம் பாத்தியைக் கை நீட்டிக் காட்டினார். எனக்கு எல்லாம் ஒன்றுபோல் இருந்தன. “அதா, வரப்புல நொச்சி நட்டிருக்கே, அதான்” என்றார். நொச்சியைப் பார்த்தேன்.

அலுவலர் மரியாதையாகவே பேசினார். தெலுங்கு கலந்த தமிழ். கெசட்டை எடுத்துத் திருத்தத்தில் விரல் வைத்துக் காட்டினார். நான் அதை முன்பே படித்தவள் என்பது அவருக்குத் தெரியாது. பதிவேடு முடித்து மேலே அனுப்பியாகிவிட்டது, இனி அதைத் திறக்கத் தமக்கு அதிகாரம் இல்லை, மறுபடி எப்போது திறப்பார்கள் என்று தம்மால் சொல்லமுடியாது என்றார். நான் ஏதேதோ சொல்லிப் பார்த்தேன். கழுவேலி நிறைந்திருந்தது என்றேன். அவர் தலையசைத்துக் கேட்டுக்கொண்டார். பிறகு இழுப்பறையைத் திறந்து எங்கள் தாளை எடுத்தார். அடியில் பூக்கொடி ஓடியது.

“இதைப் பார்த்துட்டு இன்னும் சில பேரு இப்படியே வந்தாங்கம்மா. நல்லாத்தான் போட்டிருக்காங்க. ஆனா இந்த ஒரு வரி பாருங்க, ஒருத்தரா ரெண்டு பேரா? எனக்கே தெரியலை. யார் எழுதினாங்களோ.”

அது கேள்வி இல்லை. ஆனால் விடை சொல்வதற்கு இடம் இருந்தது. உப்புக்கார அம்மா என் பக்கத்தில் நின்று, அலுவலரின் முகத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அந்தத் தாளை வாங்கிப் படிப்பதுபோல் பார்த்துவிட்டு, மேசைமேல் வைத்தேன்.

திரும்பும் வழியில் மரக்காணத்தில் பேருந்து ஏற நின்றபோது, அவர் அவித்த வேர்க்கடலை, எங்கள் பக்கத்து மல்லாட்டை, ஒரு பொட்டலம் வாங்கி என் மடியில் வைத்தார். அவருக்காக ஒரு நாள் படிப்பை விட்டுவிட்டு வந்தேனாம். “உம் மேல இன்னா இருக்குது பாப்பா? நீ தாள்ல இருக்கிறதைத்தான சொன்ன” என்றார். பொட்டலத்தை வீடு வரை பிரிக்காமல் கொண்டுவந்தேன். வீட்டிலும் பிரிக்கவில்லை, அம்மா பிரித்தார்.

பக்கத்துப் பாத்திக்காரர் இரண்டு கையொப்பமும் வாங்கியிருந்தார். தம் பாத்தியோடு இவர் பாத்தியையும் சேர்த்து அவர் விண்ணப்பித்திருந்தார் என்பது சில மாதம் கழித்துத் தெரியவந்தது. அது அவர் பெயருக்குப் போயிற்று. அவர் கெட்டவர் அல்லர். இவரையும் மகளையும் அதே பாத்தியில் கூலிக்கு வைத்துக்கொண்டார். தையில் பேசவிருந்த திருமணப் பேச்சு அதோடு நின்றது.

அலுவலகத்துக்குப் போய்வந்த வாரத்துச் சனிக்கிழமையே மாமாவிடம் சொல்லியிருந்தேன். அவர் கோபப்படவில்லை. தாளை வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அந்த வரியைப் படித்தார்.

“இலக்கணப்படி சரிதானே?”

“சரிதான் மாமா.”

“அப்புறம் என்ன?” என்றவர், தாளை மறுபடி ஒருமுறை படித்தார். பிறகு பிழைதிருத்தம் போட்டுவிடச் சொன்னார். அடுத்த தாளில் போட்டோம். ‘கர்ணம் முன்சீப் கையொப்பம்’ என்பதைக் ‘கர்ணத்தின் கையொப்பமும் முன்சீப்பின் கையொப்பமும்’ என்று திருத்திப் படிக்க. இரண்டு வரியில் விரிவாக வந்தது. அச்சுக் கோப்பவர் என்னைக் கேட்காமலே பூவை எடுத்துவிட்டிருந்தார். கெடு முடிந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. அந்தத் திருத்தத்தால் பயன்பெற்றவர் எவரும் இருக்கமுடியாது.

சித்திரையில் தேர்வு நடந்தது. உம்மைத்தொகையை விளக்கி எடுத்துக்காட்டுத் தருக என்று ஒரு வினா வந்தது. விளக்கம் எழுதினேன். அஃறிணைக்கு இராப்பகல் என்று எழுதினேன். உயர்திணைக்கு எழுதவேண்டும். நூற்பா தானாக நாவுக்கு வந்தது. பேரணிக்கும் விக்கிரவாண்டிக்கும் நடுவில் எத்தனையோ முறை சொன்னது. உயர்திணையில் வரும் உம்மைத்தொகை பலர்பால் ஈறு பெற்றே முடியும். தாய்தந்தை என்று நிறுத்தக்கூடாது, தாய்தந்தையர் என்று வரவேண்டும். இவர் ஒருவர் அல்லர், இருவர் என்று கேட்பவருக்குத் தெரிவதற்காகத்தான் அந்த ஈறு.

பேனாவை வைத்துவிட்டேன். பழைய இலக்கணக்காரர் அந்த டீக்கடையை எனக்கு முன்பே பார்த்திருந்தார். ‘உம்’ மறைந்தால் ஆட்கள் குறைந்துவிடக்கூடும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அதற்காகத்தான் ஒரு விதியே வைத்தார். அதை மனப்பாடமாக வைத்துக்கொண்டு நான் மீறினேன். கட்டத்துக்குள் இன்னும் நான்கு எழுத்துக்கு இடம் இருந்தது. இரண்டு பக்கமும் வெள்ளையாக விட்டிருந்தோமே. ‘முன்சீப்’ என்பதைத் தொடர்ந்து ‘கள்’ என்று போட்டிருந்தால், படித்தவர் எவராவது ஒரு கணம் நின்றிருப்பார். ‘இருவர்’ என்று போட்டிருந்தால் எவரும் நிற்கவேண்டிய தேவையே இருந்திராது. அன்று அந்த வினாவுக்குத் தாய்தந்தையர் என்று எழுதினேன். அந்தத் தாளில் நல்ல மதிப்பெண் வந்தது.

உப்புக்கார அம்மா தொடர்ந்து வந்தார். கூலி போக மிச்ச நேரத்தில், பாத்திக்காரரின் உப்பை விற்றுக்கொடுத்தார். நான் அவர் வரும் நேரத்தில் கொல்லைப்புறம் போய்விடுவேன். ஒன்றிரண்டு முறை அவர் என்னைத் தேடிக் கேட்டதாக அம்மா சொன்னார். இப்படியே இரண்டு ஆண்டு ஓடிற்று.

சென்னையில் கல்லூரியில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்தபோது, போவதற்கு முந்தைய புதன்கிழமை வாசலில் நின்று அவருக்காகக் காத்திருந்தேன். சொல்லவேண்டியதைப் பலமுறை மனத்துக்குள் கோத்து வைத்திருந்தேன். அவர் வந்து கூடையை இறக்கியதும் கோத்ததெல்லாம் கலைந்தது. அந்தத் தாளை எழுதியது நான்தான் என்றேன். இரண்டு பேரும் என்று எழுதவேண்டியதை இடம் போதவில்லை என்று சுருக்கினேன் என்றேன். நீங்கள் கேட்டபோதும் நான் நிமிர்ந்து பார்த்திருந்தால் சொல்லியிருப்பேன் என்றேன்.

அவர் சும்மாட்டைப் பிரித்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“நீயா எழுதின?”

“ஆமாம்.”

“அந்தத் தாளு இன்னும் பொட்டியில இருக்குது. கர்ணத்துக் காயிதத்தோட வச்சிக்கினு இருக்கிறேன். அடியில வரிசையா பூவு போட்டிருக்குமே, அதான?”

அதுதான் என்றேன்.

“எடம் பத்தலன்னா அந்தப் பூவை எடுத்துட்டு எழுதியிருக்கலாமே பாப்பா.”

அவருக்குப் படிக்கத் தெரியாது. தாளில் அவர் பார்த்து நினைவில் வைத்திருந்தது பூவைத்தான். குற்றம் சாட்டும் குரல் இல்லை அது. ஒரு வேலையைக் கொஞ்சம் வேறுவிதமாகச் செய்திருக்கலாமே என்று, வேலை தெரிந்த ஒருவர் சொல்கிற குரல். அச்சுக்கூடத்தில் அதே யோசனை எனக்குச் சொல்லப்பட்டது என்பதை மட்டும் அவரிடம் சொல்லவில்லை. அதை இப்போதுதான் எழுதுகிறேன்.

அம்மா பாத்திரத்தோடு வந்தார். உப்புக்கார அம்மா படியை எடுத்து, உப்பை வாரி, மேலே கையால் வழித்துச் சமமாக்கி அளந்து போட்டார். முடித்ததும் பழைய வழக்கத்தில் கை மறுபடியும் கூடைக்குள் போயிற்று. போன கை உப்புக்குள் ஒரு கணம் நின்றது. பிறகு விரல்களைத் தட்டிவிட்டு, வெறுங்கையாக வெளியே எடுத்தார். அம்மா பாத்திரத்தை உள்ளே எடுத்துப்போனார். கூடையைத் தூக்கித் தலையில் வைக்க நான் கைகொடுத்தேன். அவர் அடுத்த வீட்டுக்குப் போனார்.